கூடு முதல்ல, கோழி அப்புறம்

(மாத்தளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விறகு பார்க்க வேணும், துணி துவைக்க வேணும், டவுனுக்குப் போக வேணும். அதையெல்லாம் தள்ளி வச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். வீட்டுப் பின்பக்கத்தில் நாலைந்து கோழி வளர்க்கிறதுக்கு எப்படிப்பட்ட கூடு நல்லது, அதோடு சேர்ந்த வலையடைப்பு எப்படி இருக்க வேணும், எந்த இடத்தில் வைக்க வேணும் என்பதுதான் இன்றைய பேச்சு.

கூட்டுக்கு முன்னால முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 100க்கு 17 பேர் என்று வந்தது. அது இலங்கை முழுவதற்கும் உள்ள கணக்கு. தோட்டப்பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 100க்கு 32 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரொட்டியும் சம்பலும், சாயத் தண்ணியும் வயிற்றை நிரப்பும், ஆனால் எலும்பும் சதையும் வளர்க்கப் போதாது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்குது. அதைக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம்தானே என்று கேட்பீங்க. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது என்ன நடந்தது? கோழித் தீனுக்குச் சோளம் வரத்துக் குறைந்தது, பண்ணைகள் சுருங்கின, முட்டை விலை மளமளவென்று ஏறிச்சு. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைமை வந்தது. அந்த நேரம் லயத்தில் எந்த வீட்டில் நாலு கோழி நின்றதோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை கிடைத்தது.

அப்படியிருந்தும் நம்ம ஆட்களில் பலபேர் கோழி வாங்கி, மூன்று நாலு மாதத்தில் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறாங்க. ஏன் என்று கேட்டால், "நாய் புடிச்சிருச்சு", "கீரி தூக்கிட்டுப் போயிருச்சு", "பக்கத்து வீட்டோட சண்டை வந்திருச்சு" என்றுதான் பதில் வருது. தீன் கொடுக்க முடியாமல் விட்டவர்களை நாங்கள் கண்டது குறைவு. கூடு சரியில்லாமல் விட்டவர்கள்தான் கூட.

கிராமத்தில் கோழி வளர்க்கிற மாதிரி நாம வளர்க்க முடியாது. அங்கே வீட்டில் யாராவது ஒருவர் பகல் முழுக்க இருப்பாங்க. கோழியை அவிழ்த்து விட்டால் அது கொல்லையில் மேயும், பருந்து வந்தால் விரட்ட ஆள் இருக்கும். நம்ம நிலைமை வேறு. காலையில் பெரட்டுக்குப் போனால் அந்திக்குத்தான் திரும்புகிறோம். பிள்ளைகள் ஸ்கூலில், கைக்குழந்தை பிள்ளைமடுவத்தில். அப்பாயியோ அம்மாயியோ வீட்டில் இருந்தாலும் அவர்கள் கோழிக்குப் பின்னால் ஓட முடியுமா? ஆகவே, பகலிலும் ஆளில்லாத வீட்டுக்கு ஏற்ற கூடுதான் நமக்கு வேணும். ராத்திரிக்கு ஒரு கூடு, பகலுக்கு அதோடு ஒட்டின வலையடைப்பு, இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு கோழி வீடு. ராத்திரிக் கூட்டை மட்டும் கட்டிவிட்டுப் பகலில் அவிழ்த்து விட்டால் கோழி முதலில் போகிற இடம் அடுத்த வீட்டு போஞ்சிப் பாத்தி. ஒரு மணி நேரத்தில் ஒரு மாத வேலையைக் கிளறிப் போட்டுவிடும். பிறகு லயத்தில் யார் யாரோடு பேசுவது? தேயிலை மலையில் மருந்தடித்திருக்கிற நாளில் அவிழ்த்துவிட்ட கோழி என்ன தின்னும் என்று நமக்கே தெரியாது. அது வேறு ஆபத்து.

இப்போது எதிரிகளைப் பார்ப்போம். பகலில் நாயும், பருந்தும், கீரியும். ராத்திரியில் மரநாய், பெருச்சாளி, பாம்பு. நக்கிள்ஸ் காட்டோரத்தில் உள்ள டிவிசன்களில் காட்டுப்பூனையும் சேர்த்துக் கொள்ளுங்க. இவற்றில் நாம அதிகம் பயப்படுவது நாய்க்கு. உண்மையில் கூட்டுக்குள் நுழைந்து ஒரே ராத்திரியில் எல்லாக் கோழியையும் முடித்துவிடுவது மரநாயும் கீரியும்தான். உடம்பு மெலிசு. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பெருச்சாளியோ மண்ணைத் தோண்டி அடியால் வரும்.

இதனால்தான் வலை வாங்கும்போது ஏமாறக் கூடாது என்று சொல்கிறோம். டவுன் கடையில் "கோழி வலை" என்று கேட்டால் ஆறு மூலைக் கண் உள்ள மெல்லிய வலையைச் சுருட்டித் தருவாங்க. அதன் கதை சுவாரசியமானது. 1844 இல் இங்கிலாந்தில் நோர்விச் என்ற ஊரில் சார்ல்ஸ் பார்னார்ட் என்கிற இரும்பு வியாபாரி, துணி நெய்கிற தறியைப் பார்த்து அதேபோல் கம்பியைப் பின்னுகிற யந்திரம் செய்தார். அதிலிருந்து வந்ததுதான் இந்த வலை. கோழியை உள்ளே வைத்திருக்க அது போதும். வெளியே உள்ளதை வெளியே வைத்திருக்கப் போதாது. நாய் பல்லால் இழுத்தால் கிழியும், நம்ம மழைக்கு இரண்டு மூன்று வருஷத்தில் துருப்பிடித்து உதிரும். பெரிய கண் உள்ள வலையென்றால் மரநாய் கையை நுழைத்துத் தூங்குகிற கோழியின் கழுத்தைப் பிடித்து இழுக்கும்.

கேட்டு வாங்க வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, ஒட்டுப்போட்ட கம்பிவலை. விலை கூடத்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் அது தேவையில்லை. ராத்திரிக் கூட்டின் காற்றுவழிக்கும், அடைப்பின் கீழ்ப்பகுதி இரண்டு அடி உயரத்துக்கும் இந்த வலையை அடியுங்க. அதற்கு மேலேயும், கூரை மாதிரி மேல்மூடுக்கும் சாதாரண கோழி வலை போதும். மேலே மூடாமல் விடக் கூடாது. பருந்து ஒரு பக்கம், நாட்டுக்கோழி ஆறடி உயரத்தைச் சும்மா பறந்து தாண்டும் என்பது இன்னொரு பக்கம். கையில் இருக்கிற காசு கொஞ்சமென்றால் பலகையில் மிச்சம் பிடியுங்க, பெயின்டில் மிச்சம் பிடியுங்க, வலையில் மட்டும் பிடிக்காதீங்க.

தோண்டி வருகிற பெருச்சாளிக்கு என்ன செய்வது? ஒரு அடி ஆழத்துக்கு வலையைப் புதைக்கலாம். நம்ம மண்ணில் ஒரு அடிக்குள் கல்லுதான் கிடைக்கும். அதனால் புதைக்காமல், ஒரு அடி அகல வலையை அடைப்பின் வெளிப்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, அடைப்போடு கட்டுக்கம்பியால் இறுகக் கட்டி, மேலே கல்லை அடுக்கி விடுங்க. தோண்டுகிற மிருகம் சுவர் ஓரத்தில்தான் தோண்டும். வலை தட்டுப்பட்டால் பின்னால் போய்த் தோண்ட அதற்குப் புத்தி போகாது.

கதவு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். கயிறு கட்டுவதும் குச்சி செருகுவதும் வேண்டாம். நல்ல பிணைச்சல், ஒரு கொண்டி, ஒரு சின்ன ஆமைப்பூட்டு. நாலு கால் திருடனுக்கு மட்டும்தானா என்று சிரிக்காதீங்க, தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு கால் திருடனும் வருவான்.

இனி அளவு. ஐந்து கோழிக்குக் கணக்குச் சொல்கிறோம். ராத்திரிக் கூடு 4 அடி நீளம், 3 அடி அகலம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். அடைப்பு 10 அடிக்கு 5 அடி, அதாவது கோழிக்கு 10 சதுர அடி. வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம முன்னோருக்குக் கட்டிக் கொடுத்த காம்பராவே 10 அடிக்கு 12 அடி என்று யாராவது மனசுக்குள் நினைப்பீங்க. நாங்களும் நினைத்தோம். ஆனால் நெருக்கத்தின் கஷ்டம் நமக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? இடம் குறைந்தால் கோழி ஒன்றை ஒன்று கொத்தும், இறகைப் பிடுங்கும், முட்டையைக் குடிக்கப் பழகும். இடம் பத்தாதென்றால் கோழியைக் குறையுங்க. மூன்று கோழி நல்ல கூட்டில் இருப்பது, எட்டுக் கோழி பெட்டிக்குள் அடைபட்டிருப்பதைவிட மேல்.

கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்தி நாலு கால் மேல் நிறுத்துங்க. அதன் அடியும் அடைப்புக்குள் வந்தால் மழைக்கும் வெயிலுக்கும் கோழிக்கு அது ஒதுங்கிடம். கால்களுக்குச் சவுக்கு மரக்கம்பு போதும். தோட்டத்து மரத்தில் கைவைக்கு முன்னால் தொரையிடம் கேட்டுக் கொள்ளுங்க. தென்னை மரத்தில் எலி ஏறாமல் தகரம் சுற்றி அடித்திருப்பதைப் பார்த்திருப்பீங்க, அதே மாதிரி ஒவ்வொரு காலிலும் ஒரு அடி அகலத்துக்குத் தகரம் சுற்றி அடித்தால் எலி ஏறாது.

உள்ளே ஒரு தூங்கு கம்பு வேணும். இது ஏன் என்று பலபேருக்குத் தெரியாது. நம்ம மலையில் காலையில் கூவுகிற காட்டுக்கோழி ராத்திரி எங்கே தூங்குது? மரக்கிளையில். இலங்கையின் தேசியப் பறவை அது. வீட்டுக்கோழியின் மூதாதை அதுக்குச் சொந்தக்காரனான செங்காட்டுக்கோழி. ஆயிரக்கணக்கான வருஷம் மனுஷனோடு இருந்தும் அந்தக் குணம் போகவில்லை. பொழுது சாய்ந்தால் உயரம் தேடும். இருட்டில் அதற்குக் கண் நன்றாகத் தெரியாது, அதனால்தான் கூப்பிடாமலே கூட்டுக்குள் ஏறிவிடும். ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் ஐந்துக்கு 40 அங்குலம். 4 அடிக் கூட்டில் ஒரே கம்பு போதும். இரண்டு அங்குலம் தடிப்பு, மேல்பக்கம் உருட்டலாகச் சீவியது. முட்டையிடும் பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, ஐந்து கோழிக்கு ஒன்றே போதும். அது கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேணும். பெட்டி உயரத்தில் இருந்தால் கோழி அதில் போய்ப் படுத்துத் தூங்கும், முட்டை எச்சத்தில் புரளும். பழைய கொழுந்துக் கூடையை வைக்கோல் போட்டு வைத்தாலும் கோழிக்குச் சந்தோஷம்தான்.

தளத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. ரீப்பை இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும், சுத்தம் செய்வது லேசு. பலகையடித்து நாலு அங்குலத்துக்கு உமியோ மரத்தூளோ போட்டால் கதகதப்பு. உக்குவளை, மாத்தளை டவுனைச் சுற்றின பணிவான தோட்டங்களில் வெக்கை கூட, அங்கே ரீப்பைத் தளம் நல்லது. அடியில் வலையடிக்க மறக்காதீங்க. கம்மடுவ, எல்கடுவ மாதிரி மேட்டில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் மழையும் மிஸ்ட்டும் காற்றும் அடிக்கும்போது அடியால் வருகிற குளிர் கோழியை வாட்டும், அங்கே பலகைதான். எங்கேயானாலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குக் காற்றுவழி வேணும். குளிர் என்று சாக்கைப் போட்டு எல்லாப் பக்கமும் மூடிவிடுகிறாங்க. எச்சத்தின் காரமான ஆவி உள்ளே தங்கி, கோழிக்குக் கண்ணெரிச்சலும் சளியும் வரும். குளிரைக் கோழி தாங்கும், ஈரத்தையும் ஆவியையும் தாங்காது. கூரைக்குத் தகரம் போட்டால் பணிவான இடங்களில் மேலே கொஞ்சம் மானாப்புல் பரப்பி விடுங்க. லயத்துக்குக் கூரை மாற்றினபோது மிஞ்சின அஸ்பெஸ்டஸ் துண்டு கிடக்குமானால் அதை வாளால் அறுக்க வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கெடுதல்.

இப்போது இடம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. லயத்துக்குப் பின்னால் இடம் பத்தாது என்று மண்மேட்டை மம்பட்டியால் வெட்டி உள்ளே தள்ளிக் கூடு வைக்கிற பழக்கம் இருக்குது. தயவுசெய்து வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடு எப்படிச் சரிந்தது என்று நாம பார்த்தோம். மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. மேட்டின் அடியை வெட்டுவது சுவரின் அடிக்கல்லை உருவுவது மாதிரி. அதேபோல் லயத்துப் பின்காணை அடைத்து அதன் மேல் கூடு கட்டுவதும் கூடாது. தண்ணி போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கினால் மேடு பாரமாகி நழுவும். உங்கள் பிரிவு மண்சரிவு அபாயப் பகுதி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்திருந்தால், ஒரு மம்பட்டி மண்ணைக்கூட வெட்டு முன்னால் நிர்வாகத்தைக் கேளுங்க. ஐந்து கோழிக்காக ஒரு லயத்தைப் பணயம் வைக்க முடியாது.

பீலிக்கு மேல்பக்கம் கூடு வேண்டாம், கீழ்ப்பக்கம் வையுங்க. குசினியோடு ஒட்டவும் வேண்டாம், ஆனால் ராத்திரி கோழி கத்தினால் காதில் விழுகிற தூரம் வேணும். காலை வெயில் விழுகிற பக்கமாக முன்பக்கத்தைத் திருப்புங்க. கூரைத் தண்ணி அடைப்புக்குள் விழாமல் வெளியே வடியட்டும். தொங்கல் காம்பராக்காரருக்குப் பக்கவாட்டில் இடம் இருக்கும், நடுக் காம்பராக்காரருக்குத்தான் கஷ்டம். அவர்கள் பக்கத்து வீட்டாரோடு பேசி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கூடு போடுவதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. வலைச் செலவும் பாதியாகும், சண்டைக்கும் வழியில்லை. புதிதாக 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு ஏறக்குறைய 1,900 சதுர அடி இருக்குது, வீடு போக மிச்சத்தில் தாராளமாக வைக்கலாம். லயத்தில் இருப்பவர்கள் கட்டு முன்னால் நலன்புரி உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. கட்டின பிறகு பிரிக்கச் சொன்னால் மனசு கஷ்டப்படும்.

கடையில் ஆயத்தமாக விற்கிற கூட்டை வாங்கலாமா என்று கேட்கிறாங்க. பார்த்து வாங்கலாம். பார்வைக்கு வீடு மாதிரி அழகாக இருக்கும், ஆனால் பத்துக் கோழிக்கு என்று சொல்லி விற்பதில் நாலு கோழிக்குத்தான் இடம் இருக்கும். அளவு நாடாவைக் கையோடு கொண்டு போங்க. சக்கரம் வைத்து இடம் மாற்றுகிற, அடித்தளம் இல்லாத கூடும் வருது. சமதரையான புல்வெளிக்கு அது நல்ல யோசனை. நம்ம சரிவில் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், அந்த இடுக்கால் கீரி நுழையும். கம்பியால் மட்டும் செய்த பண்ணைக் கூண்டும் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம், மண்ணில் கால் படாத கோழிக்கு நாமே ஆயுள் முழுக்க எல்லாம் கொடுக்க வேணும்.

அடைப்பின் ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து கொட்டி விடுங்க. கோழி அதில் புரண்டு குளிக்கும், பேன் குறையும். சிந்தின தீனை அந்தியில் கூட்டி எடுக்க வேணும். சிந்தின தீனுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். எலியின் மூத்திரத்தால் பரவுவதுதான் எலிக்காய்ச்சல். 2008 இல் அது நாட்டில் பெருகினபோது அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. கூடு கழுவினால், முட்டை எடுத்தால், பிள்ளைகள் உட்பட சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்க. எச்சத்தை உடனே செடிக்குப் போட்டால் வேர் கருகும், இலைதழையோடு குவித்து இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுப் போட்டால் கீரைப் பாத்திக்கு அதைப்போல் உரம் இல்லை.

எவ்வளவு நல்ல கூடானாலும் ராணிக்கெட் நோயை வலை தடுக்காது. 1920களில் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட் என்ற ஊரில் கண்டதால் அந்தப் பெயர். வந்தால் லயத்துக் கோழி முழுக்கப் போய்விடும். அதற்குத் தடுப்பு மருந்து இருக்குது. கோழிகளுக்கான தடுப்பு மருந்துகளைக் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமே உற்பத்தி செய்யுது. உங்களுக்குக் கிட்டின அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்க. ஒரு வீட்டுக்காரர் மட்டும் போவதைவிட, லயத்தில் கோழி வைத்திருக்கிற எல்லோரும் பேரைச் சேர்த்துக் கொண்டு போனால் காரியம் நடக்கும். வெளியிலிருந்து புதுக்கோழி வாங்கி வந்தால் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டில் சேருங்க.

பேச்சு முடிந்ததும் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளையும் இதோடு எழுதுகிறோம்.

ஒரு தாய் கேட்டாங்க: "சேவல் இல்லாமல் முட்டை போடுமா?" போடும். சேவல் வேண்டியது குஞ்சு பொரிக்க மட்டும். சுவருக்குச் சுவர் ஒட்டின லயத்தில், விடிய நாலு மணிக்குக் கூவுகிற சேவல் இல்லாமல் இருப்பதே அக்கம்பக்கத்துக்கு நல்லது.

இன்னொருவர் கேட்டார்: "நாட்டுக்கோழி வாங்குறதா, பண்ணைக்கோழி வாங்குறதா?" பண்ணையினம் வருஷத்துக்கு 250க்கு மேல் முட்டையிடும், ஆனால் முட்டைக்கோழித் தீன் ஒரு கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தவறாமல் வேணும். ஐந்துக்கு மாதம் 18 கிலோ என்று வையுங்க. நாட்டுக்கோழி அதில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குதான் இடும், ஆனால் குருணலும் தவிடும் கீரைத் தண்டும் தின்று சமாளிக்கும், அடைகாத்துக் குஞ்சும் பொரிக்கும். மாதச் சம்பளத்தில் தீனுக்கு ஒதுக்க முடிகிறவர்கள் நாலு மாதம் நிரம்பின பண்ணையினக் கோழி மூன்று வாங்கட்டும். முடியாதவர்கள் நாட்டுக்கோழியிலேயே தொடங்கலாம். எதுவானாலும், வலை அடித்து, கொண்டி பூட்டி, இரண்டு ராத்திரி வெறுங்கூட்டை அப்படியே விட்டு, விடியக்காலை சுற்றிப் போய் எங்கேயாவது தோண்டின அடையாளம் இருக்குதா என்று பார்த்த பிறகே கோழி வாங்க டவுனுக்குப் போங்க.